புதுப்பிப்பு: மதுரை இரண்டு போர்ஷன் வீடு, எட்டு மாதம் கழித்து

மதுரையில் ஒரு பழைய இரண்டு போர்ஷன் வீட்டை வாடகைக்கு விட வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன். 30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பத்திரத்தில் சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் மொட்டை மாடியில்.

மாடித் தளத்துக்கு வெள்ளையடித்து விட்டுவிடலாம் என்றிருந்தேன். கொத்தனார் தட்டிப் பார்த்தால் தட்டோடு (மாடித் தளத்தில் பதிக்கும் தட்டையான ஓடு) முழுக்க டொப் டொப்பென்று சத்தம், அடியில் பிடிப்பு விட்டிருந்தது. மொத்தமாகப் பெயர்த்து, தண்ணீர் ஓட வாட்டம் சரிசெய்து, மறுபடி பதித்தோம். பட்ஜெட் ஒன்றரை மடங்கானது. அதற்குள் உள்ளே பெயின்ட் அடித்து முடித்திருந்தேன், என் அறிவு அப்படி!

இன்னொரு தப்புக்கணக்கு வருமான வரி. ரிப்பேர் பில்லையெல்லாம் வாடகையில் கழிக்கலாம் என்று சேர்த்து வைத்தேன். முடியாதாம். வாடகையில் கட்டிய வீட்டுவரி போக மீதியில் 30 சதவீதக் கழிவு, அவ்வளவுதான். வீட்டுக் கடன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம்.

அட்வான்ஸ், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. எங்கள் தெருவில் பத்து மாதம் வாங்குகிறார்கள். நான் மூன்றுதான் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

கீழே ஆள் வந்தாயிற்று. மேல் போர்ஷன் காலி. ஐப்பசி மழையில் ஒழுகாமல் இருந்தால் பிறகு விடுவேன்.