குடும்பத்தில் கைமாறி வந்த பழைய கார்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிகழ்வு

தக்கலைக்காரன்:

1972 அம்பாசடர், மார்க் 2. அப்பா வாங்கியது. ஸ்டீயரிங்கை ஒட்டிய கை கியர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். நீங்கள் எல்லோரும் அறிந்த வண்டிதான். அப்பா இறந்தபின் இரண்டு ஆண்டுகள் ஷெட்டிலேயே நின்றது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து பதினான்கு மாதம் வேலை பார்த்து ஓட வைத்தேன். எஞ்சினை இறக்கியது, கியர் பெட்டியைப் பிரித்தது எல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். கிரீஸ் மட்டும் காலாகாலத்தில் அடித்துவந்தால் எந்தப் பழைய காரும் நம் ஆயுளைத் தாண்டும் என்பார் அப்பா. பிரித்துப் பார்த்தபோது, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் தேய்மானமே இல்லை.

என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறு விஷயம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்டார்கள். அம்மா உடனே கையெழுத்திட்டார். அக்கா வீட்டுக்குப் போனேன். கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். எழுதவில்லை. "அப்பா எனக்கு ஓட்டக் கற்றுத் தந்தது இந்தக் காரில்தான். உனக்கு அவர் கற்றுத் தரவில்லை, இல்லையா?" என்றாள். இல்லை. நான் பயிற்சிப் பள்ளியில் கற்றவன். வேறெதுவும் அவள் சொல்லவில்லை. திண்ணைத் தூணில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டு, பேனாவை மூடித் தந்தாள்.

கார் இப்போது பளபளவென்று நிற்கிறது. இன்றுவரை அவள் அதில் ஏறவில்லை. வேலை இருக்கிறது என்கிறாள்.

குளச்சல் கடலோரம்:

உங்கள் கார் கடலைவிட்டுத் தள்ளி நின்றது, அதனால் தப்பியது. கடற்கரையில் கிரீஸ் மட்டும் போதாது. உப்புக்காற்று உள்ளிருந்து தின்னும்.

எங்களுடையது 1978 பிரீமியர் பத்மினி. சித்தப்பாவுடையது, அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால் என்னிடம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது வண்டி தெருவில் நின்றது. டாஷ்போர்டு வரை தண்ணீர். அன்று சித்தப்பா இழந்தது பொருள் மட்டும் அல்ல, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரைக் கழுவி, எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து, மறுபடியும் ஓட்டினார்.

2019-இல் டிங்கரிங்குக்கு விட்டேன். கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு முழுதும் துரு. பட்டறைக்காரர் அதை வெட்டித் திறந்ததும் மணல் கொட்டத் தொடங்கியது. நம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல், பொடிச் சிப்பிகளோடு. சரசரவென்று சிமெண்ட் தரையில் விழுந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அதைச் சுமந்துகொண்டு நாங்கள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்திருக்கிறோம். பட்டறைப் பையன் விளக்குமாற்றை எடுத்தான். சித்தப்பா அவனை நிறுத்தி, ஒரு முறம் கிடைக்குமா என்று கேட்டார். அள்ளிக்கொண்டு தனியாகக் கடற்கரைக்கு நடந்துபோனார். பின்னாலேயே போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்மினிக்கு அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அந்தப் பெட்டித் தகட்டை வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்குக் குழாய் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். எங்கள் பட்டறையில் வைக்கவில்லை. நடுவில் வண்டி அரை விரல் தொய்ந்துபோய், இன்றும் பின்கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது.

குலசேகரம் ஹெரால்டு:

தக்கலை நண்பர் சொன்ன கிரீஸ் கணக்கை நான் மறுக்கிறேன். அம்பாசடருக்குச் சரி. எந்தப் பழைய காருக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லால்தான் என் மகனை இழந்திருப்பேன்.

பாட்டா, அதாவது தாத்தா, வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966, வண்டலூர்த் தொழிற்சாலையில் செய்தது. 948 சி.சி. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு, அடியில் ஒரு வெண்கல மரைக்குள் திரும்பும். ட்ரனியன் என்பார்கள். அதற்கு ஊற்ற வேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். கிரீஸ் அந்த மரையின் அடிவரை இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். எங்களுக்குப் பார்த்துவந்த மெக்கானிக் நல்லவர், கைராசிக்காரர், ஆனால் வாழ்நாள் முழுக்க அம்பாசடர் பார்த்தவர். பழக்கத்தில் கிரீஸ் அடித்தார். பேச்சிப்பாறையிலிருந்து திரும்பும்போது ஒரு வளைவில் 'டக்' என்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் படுத்துவிட்டது. வேகம் இருபதுகூட இருக்காது. பக்கத்து இருக்கையில் மகன். வண்டி நின்ற இடத்திலிருந்து கால்வாய்க்கு மூன்று அடி. உடைந்த தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: முறிவின் முக்கால் பங்கு பழைய துரு, கால் பங்குதான் புதிதாக மின்னியது. எத்தனை மாதமாகவோ உடைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஆகவே எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ட்ரனியனுக்கு ஆயில் அடித்தே ஆக வேண்டும், பழைய அழுக்கு வெளியே வரும் வரை. அம்பாசடர்காரர்கள் கிரீஸ் கன்னை எடுங்கள், ஆனால் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடியுங்கள், பாரத்தில் அடித்தால் உள்ளே போகாது. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவர்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையிலிருந்து நழுவிப் போகும், கட்டைவிரல் எலும்பு தப்பும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் வண்டிகளின் பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம் என்ற சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி மிருதுவாகிவிடும். எத்தனால் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு அல்ல. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

தக்கலைக்காரன்:

ஹெரால்டு அண்ணாச்சி, எந்தப் பழைய காரும் என்று எழுதியது தவறுதான். அப்பா தன் காரைப் பற்றிச் சொன்னதை நான் எல்லாவற்றுக்குமாக எழுதிவிட்டேன். மகன் நலமாக இருப்பதே பெரிது.

வடசேரி மகள்:

கிரீஸா ஆயிலா என்று இத்தனை பேசிவிட்டோம். அந்த அக்காவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் 1975 பத்மினி. நாங்கள் கிறிஸ்தவர்கள். என் அம்மாவின் தலைமுறையில் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன பேசினார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லையென்றால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லிருந்தே நடைமுறையில் இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கார் என்றால் யாரும் கேட்காமலே மகன் பெயருக்குத்தான் போகும். இதை அறிந்துதான் அப்பா உயிலில் காருக்கென்று தனியாக ஒரு வரி எழுதினார்.

போன ஆண்டு ஒரு கல்யாணம். மண்டப வாசலில் வண்டி கிளம்பவில்லை. மழை. உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பானட்டைச் சுற்றி நின்று, என் கணவரிடம் யோசனை சொன்னார்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். நான், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்பக்கத்து ஈரத்தைத் துடைத்து, அதிலுள்ள பாயிண்ட் என்ற மின்தொடுமுனையைத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்தேன். அப்பா செய்வது அப்படித்தான். ஒரே சுழற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு பெரியவர் என் கணவரின் தோளைத் தட்டி, "நல்ல வண்டி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தக் கை அவர் தோளில் விழுந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தக்கலை நண்பரே, உங்கள் அக்கா கையெழுத்திட்டார், சம்மதிக்கவில்லை. அந்தப் பேனா நின்ற நேரத்தில் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேளுங்கள்.

மார்த்தாண்டம்:

என்னுடையது சிறியது. பாட்டாவின் 1969 அம்பாசடர். பதிவைப் புதுப்பிக்கச் சேசிஸ் எண்ணைப் பென்சில் நகல் எடுத்துத் தர வேண்டும். எண் தெரியவில்லை, அவ்வளவு பெயிண்ட். உப்புக் காகிதத்தால் மெல்லத் தேய்த்தேன். வெள்ளை வந்தது, அதற்கடியில் சாம்பல், அதற்கடியில் பச்சை, கடைசியில் வெளிறிய நீலம். வீட்டில் இருக்கும் ஒரே புகைப்படம் கறுப்பு வெள்ளை. பாட்டாவின் கார் நீல நிறம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாட்டியிடம் கேட்டிருக்கலாம், அவரும் போய்விட்டார். நகக்கண் அளவுள்ள அந்த நீலத்தின் மேல் பெயிண்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. வார்னிஷ் மட்டும் தடவி விட்டிருக்கிறேன்.

50 ஆண்டு தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி பதிந்தால் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சந்தைக்கும் போகிற வண்டி என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

தக்கலைக்காரன்:

வடசேரிச் சகோதரி எழுதியதை நேற்று இரவு மூன்று முறை படித்தேன். காலையில் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். காரை உன் பெயருக்கும் எழுதலாமா, அல்லது உன் வீட்டிலேயே கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. "மூன்றாவது கியர் இப்போதும் துள்ளி வெளியே வருமா?" என்று கேட்டாள். வேம்பனூர் ஏற்றத்தில் அது நழுவும் என்றும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையின் மேல் தன் கையை வைத்து லீவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லித் தருவார் என்றும் சொன்னாள். எனக்கு இது எதுவும் தெரியாது. கியர் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார், புதியது போடச் சொன்னேன்.

இப்போது வராது, சரிசெய்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி" என்றாள்.

கழற்றிய சாமான்களை மெக்கானிக் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைப்பார். அந்த ஸ்பிரிங் அதில் இன்னும் கிடக்கிறதா என்று நாளைக் காலை போய்க் கேட்கப் போகிறேன்.