எக்ஸார்சிஸ்ட் 3: கிளைமாக்ஸ் சொதப்பல், அப்புறம் ஏன் மறக்க முடியலை? (ஸ்பாய்லர் உண்டு)

கேள்வி
1990ல வந்த 'தி எக்ஸார்சிஸ்ட் 3' பேய்ப் படம் பத்தி யாரைக் கேட்டாலும் ரெண்டே விஷயம்தான்: ஆஸ்பத்திரி வராந்தா சீன் பிரமாதம், கிளைமாக்ஸ் மோசம். அந்த சீன்ல அப்படி என்ன வேலை நடந்திருக்கு? குறும்படங்கள்ல அதையே எடுத்தா ஏன் எடுபடலை? 2016ல வந்த டைரக்டர்ஸ் கட்டை (இயக்குநர் முதல்ல நினைச்ச மாதிரி தொகுத்த பதிப்பை) நேரா பார்த்துடலாமா?

பதில் 1
கேமரா வராந்தாவோட ஒரு கோடியில அசையாம நிக்குது. தூரத்துல ஒரு நர்ஸ், மேசை, காவலுக்கு ஆள். வெளிச்சம் நல்லாவே இருக்கு. இசை இல்ல. ஏதோ விரிசல் விடுற சத்தம் கேட்டு நர்ஸ் ஒரு அறைக்குள்ள போறாங்க. டம்ளர்ல ஐஸ் உடையுது, அவ்வளவுதான். உடனே படுத்திருந்த நோயாளி எழுந்து கத்துறான். நமக்கு வர வேண்டிய பயம் வந்துடுச்சுன்னு மனசு கணக்கை முடிச்சுடுது. பழைய ஷாட்டுக்கே திரும்புறோம். காவலாளி நகர்றார். நர்ஸ் இன்னொரு கதவைப் பூட்டிட்டுத் திரும்புறாங்க, பின்னாலேயே வெள்ளைத் துணி போர்த்தின உருவம், கழுத்து உயரத்துல பெரிய கத்தரி. சட்டுனு ஜூம், இசை ஒரே அலறல், கட். அடுத்த ஷாட் தலையில்லாத சிலை.

குறும்படக்காரங்க ஜூமை மட்டும் எடுத்துக்கிறாங்க. அதுக்கு முன்னாடி இருக்கிற சலிப்பைப் பொறுக்க முடியாம நடுவுல குளோசப் போட்டுடுறாங்க, விளக்கை அணைச்சுடுறாங்க, அடியில ஒரு 'ஊம்ம்' சத்தம் ஓட விடுறாங்க. ஏதோ வரப்போகுதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. உருவத்தை ரெண்டு செகண்ட் கூடுதலா காட்டினாலும் காலி, போர்வை போர்த்தின ஆள்தானேன்னு ஆயிடும்.

பதில் 2
கிளைமாக்ஸ் பத்தி: எழுதி இயக்கின வில்லியம் பீட்டர் பிளாட்டி, தன்னோட 'லீஜியன்' நாவலைத்தான் எடுத்தார். அதுல பேயோட்டுற கட்டமே கிடையாது. தலைப்புல எக்ஸார்சிஸ்ட்னு இருக்கே, பேயோட்டாம எப்படின்னு தயாரிப்பாளர்கள் கேட்க, நிகோல் வில்லியம்சனை ஒரு பாதிரியாராக் கொண்டுவந்து பின்னாடி எடுத்து ஒட்டினாங்க. அதனாலதான் அந்தப் பாதிரியார் கதையில ஒட்டவே மாட்டார்.

2016 பதிப்புல சேர்த்த காட்சிகளுக்கு ஒழுங்கான பிலிம் கிடைக்கலை, வீடியோ டேப்ல இருந்து எடுத்திருக்காங்க. நல்லா ஓடிட்டிருக்கிற படம் திடீர்னு மங்கும். முதல்ல தியேட்டர் பதிப்பு, பிடிச்சிருந்தா மட்டும் இது. 2ஆம் பாகம் தேவையே இல்ல, கதை முதல் பாகத்துலேர்ந்துதான் தொடருது.

பதில் 3
வராந்தாவையே பேசிப் பேசி மத்ததை விட்டுடுறோம். படத்தோட பலம் பேச்சுதான். மாமியார் குளியல் தொட்டியில உயிர் மீனை விட்டு வெச்சிருக்காங்க, அதனால மூணு நாளா குளிக்கலைன்னு துப்பறியும் போலீஸா வர்ற ஜார்ஜ் சி. ஸ்காட் தன் நண்பரான ஒரு பாதிரியார்கிட்ட கடுப்பா சொல்ற இடம் சுத்தமான காமெடி. அந்த நண்பர் பாதிரியாரை நமக்குப் பிடிக்க வைக்கிறதே அதுதான். அப்புறம் அவர் சாகும்போது ஒரு துளி ரத்தம் சிந்தாம, எல்லாம் பாத்திரங்கள்ல பிடிச்சு வெச்சிருக்கும். கொலையைக் காட்டவே மாட்டாங்க.

கொலைகாரனா வர்ற பிராட் டூரிஃப் சிறை அறையில உட்கார்ந்தபடியே பேசுறது இன்னொண்ணு. தியேட்டர் பதிப்புல, முதல் பாகத்துல பாதிரியாரா வந்த ஜேசன் மில்லர் முகமும் அவர் முகமும் மாறி மாறி வர்றது முதல் தடவை குழப்பும். யார் கண்ணுக்கு யார் தெரியுறாங்கன்னு பிடிச்சுக்கிட்டா சரியாயிடும்.

பதில் 1 (மறுபடி)
ஒத்துக்கிறேன். இன்னொண்ணு: அந்த நண்பர் பாதிரியார் செத்துக் கிடக்கிற அறைச் சுவர்ல ரத்தத்துல எழுதின வரியில ஒரு எல் (L) எழுத்து கூடுதலா இருக்கும். எழுத்துப்பிழைன்னு தாண்டிப் போயிடாதீங்க.