ஸ்டெம்மை இறக்கிய பிறகு முன்பக்கம் ‘டக் டக்’ – மேல் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகவில்லை

மழைப்பெடல்:
வணக்கம். ஹேண்டில்பார் கொஞ்சம் உயரமாக இருப்பதுபோல் பட்டதால் ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) கீழே இருந்த 10 மிமீ ஸ்பேசர் வளையத்தை எடுத்துவிட்டு, ஸ்டெம்மை இறக்கி மாட்டினேன். உயரம் இப்போது கச்சிதம். ஆனால் முன் பிரேக் பிடித்தால் கையில் ‘டக்’ என்று ஒரு உதறல். குழியில் இறங்கினாலும் அதே சத்தம். மேல் மூடியில் இருக்கும் போல்ட்டை இனி திரும்பாது என்கிற அளவுக்கு இறுக்கியாயிற்று. ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது. சாதாரண ஃபோர்க், சஸ்பென்ஷன் கிடையாது. டிஸ்க் பிரேக். கையில் இருப்பது எல் கீ செட் மட்டும்தான். பேரிங் போய்விட்டதா, இல்லை வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

சங்கிலிச்சத்தம்:
ஸ்டெம்மின் பக்கவாட்டில் இரண்டு போல்ட் இருக்குமே, அதை இன்னும் நன்றாக முறுக்குங்கள் ப்ரோ. கீயில் ஒரு குழாயைச் செருகி நீட்டிக்கொண்டால் பலம் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் சரியானது.

எல்கீ:
குழாய் வேண்டாம், தயவுசெய்து. அந்த இரண்டு போல்ட்டும் ஸ்டெம்மை ஃபோர்க் தண்டோடு, அதாவது ஃபோர்க்கிலிருந்து மேலே ஏறிவரும் குழாயோடு, கவ்விப் பிடிப்பதற்கு. பேரிங் ஆட்டத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. பெரும்பாலான ஸ்டெம்களில் அந்த இடத்தில் இறுக்க வேண்டிய அளவை 5 நியூட்டன் மீட்டர் என்றோ அதை ஒட்டியோ அச்சிட்டிருப்பார்கள். குழாய் செருகினால் அதை எப்போது தாண்டினோம் என்றே தெரியாது. மரை போகும், இல்லாவிட்டால் ஸ்டெம்மே விரியும்.

மழைப்பெடல், முதலில் ஆட்டம் எங்கே என்று உறுதி செய்யுங்கள். டிஸ்க் பிரேக்கில் பேட் கேலிப்பருக்குள் லேசாக நகர்ந்தாலும் இதே ‘டக்’ வரும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஃபிரேமின் கழுத்துக்குழாயும் ஃபோர்க்கின் தலையும் சேரும் இடுக்கில் ஒரு விரலைக் குறுக்காக வையுங்கள். இன்னொரு கையால் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இடுக்கு திறந்து மூடுவது விரலுக்குத் தெரிந்தால் ஹெட்செட், அதாவது ஃபோர்க் திரும்ப உதவும் கழுத்துக்குழாய் பேரிங் தொகுதி. அடுத்தது, ஹேண்டில்பாரை முழுக்கப் பக்கவாட்டில் திருப்பி அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். சக்கரம் குறுக்கே நிற்பதால் பிரேக்கின் பங்கு இதில் வராது. கடைசியாக, பிரேக் பிடிக்காமல் டயரைப் பிடித்து இட வலமாக அசைத்தால் சக்கரம் மட்டும் ஆடுகிறதா? அப்படியென்றால் குற்றவாளி சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்.

மழைப்பெடல்:
நன்றி அண்ணா. ஹப் கெட்டியாக இருக்கிறது. விரல் வைத்தால் இடுக்கு திறந்து மூடுவது நன்றாகவே தெரிகிறது. ஹேண்டிலைத் திருப்பி ஆட்டினாலும் அதே கதை. ஆக ஹெட்செட்தான்.

நிதானம்:
எடுத்த ஸ்பேசரை எங்கே வைத்தீர்கள்?

மழைப்பெடல்:
மேசை டிராயரில் 🙂 கீழே அது தேவையில்லையே என்று.

நிதானம்:
அதேதான் காரணம். அந்த வளையம் ஸ்டெம்முக்கு மேலே போயிருக்க வேண்டும்.

இந்த வகை ஹெட்செட்டில் மேல் மூடிக்கு ஒரே ஒரு வேலை: ஸ்டெம்மைக் கீழே அழுத்துவது. ஸ்டெம் ஸ்பேசரை அழுத்தும், ஸ்பேசர் பேரிங் மூடியை அழுத்தும், அது பேரிங்கை அழுத்தும். அப்படித்தான் ஆட்டம் போகிறது. இதற்கு ஃபோர்க் தண்டின் வாய், ஸ்டெம்மின் மேல் விளிம்பைவிட 2, 3 மிமீ உள்ளே இறங்கி இருக்க வேண்டும். நீங்கள் 10 மிமீ எடுத்துவிட்டதால் தண்டு இப்போது ஸ்டெம்முக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூடி போய் உட்காருவது தண்டின் மேல். நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் மூடிக்கும் தண்டுக்கும்தான் சண்டை. பேரிங்குக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்டின் வாய் பதிந்து வட்டமாக ஒரு பளபளப்பான தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மழைப்பெடல்:
பார்த்தேன். காசை வைத்து அழுத்தியதுபோல் வட்டத் தடம். தண்டும் ஸ்டெம்முக்கு மேலே கால் விரல்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது. மூடி ஓரமாகத் தொங்கியபடி இருந்ததை இப்போதுதான் கவனிக்கிறேன். வளையத்தை மேலே போட்டு மாட்டினால் போதுமா? வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

எல்கீ:
நிதானம் சொன்னது சரி. மாட்டுவதற்கு முன் ஒன்று. மூடியின் போல்ட் எதில் போய் மாட்டுகிறது என்று தண்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு அல்லது அலுமினியத் தண்டு என்றால் உள்ளே பூ இதழ்போல் விரிந்த ஒரு நட்டு இருக்கும், ஸ்டார் நட்டு என்பார்கள். அது வாயிலிருந்து சுமார் 15 மிமீ ஆழத்தில் இருப்பது வழக்கம். மூடி தண்டில் முட்டி நிற்கும்போது போல்ட்டை விடாமல் முறுக்கினால் அந்த நட்டுதான் மேலே ஏறிவரும். வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டதா பாருங்கள். இதழ்கள் மேல்நோக்கி மடங்கியிருப்பதால் அது கீழே போகுமே தவிர மேலே வர மறுக்கும்படி செய்தது. அதையும் மீறி மேலே வந்திருந்தால் தண்டின் உள்சுவரில் கீறல் விழுந்திருக்கும், பிடிப்பும் குறைந்திருக்கும்.

தண்டு கார்பன் என்றால் கதை வேறு. அதற்குள் ஸ்டார் நட்டு அடிக்கவே கூடாது. விரிந்து பிடிக்கும் பிளக் இருக்கும். காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் இரும்பா என்று தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் வாயின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளி நிறமாக இருந்தால் அலுமினியம், கருப்பு இழை தெரிந்தால் கார்பன்.

மழைப்பெடல்:
காந்தம் ஒட்டவில்லை, விளிம்பு வெள்ளி நிறம். அலுமினியம். நட்டு சுண்டுவிரலின் முதல் கணு உள்ளே போகிற ஆழத்தில் நேராகவே உட்கார்ந்திருக்கிறது. சாய்வு இல்லை.

எல்கீ:
அப்போது தப்பித்தீர்கள். இனி மாட்டும் முறை. வரிசை மாறினால் மறுபடி இதே கேள்வியோடு இங்கே வருவீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன் சக்கரம் தரையில் ஊன்றியபடியே இருக்கட்டும். ஸ்டெம்மை உருவிவிட்டால் ஃபோர்க்கைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லை. சைக்கிளைத் தூக்கினால் ஃபோர்க் நழுவி விழும், பேரிங்கும் கூடவே உருளும். பக்கவாட்டு போல்ட்கள் இரண்டையும் தளர்த்தி, ஸ்டெம்மை ஆட்டி ஆட்டி உருவுங்கள். ஹேண்டில்பார் கேபிள்களில் தொங்கும். கேபிள் மடங்காமல் ஃபிரேமின் மேல் சாய்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் பேரிங் மூடியையும், அதற்குள் இருக்கும் வெட்டுப்பட்ட வளையத்தையும் தொடாதீர்கள். வெளியே வந்துவிட்டால் கூம்புப் பக்கம் கீழே பார்த்து உட்கார வேண்டும்.

ஸ்டெம்மைப் போடுங்கள், அதன் மேல் 10 மிமீ வளையம். இப்போது தண்டின் வாய் வளையத்தின் விளிம்பைவிட 2, 3 மிமீ கீழே இருக்கிறதா? இருந்தால் மூடியைப் போடலாம்.

பக்கவாட்டு போல்ட்கள் தளர்ந்தே இருக்க வேண்டும். இதை எத்தனை பேர் மறக்கிறார்கள் தெரியுமா! ஸ்டெம் தண்டைக் கவ்விக்கொண்டிருந்தால் மூடியால் அதை எப்படிக் கீழே தள்ள முடியும்? மூடி போல்ட்டில் எல் கீயின் நீளமான காலைச் செருகி, குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். நெம்புகோல் நீளம் குறைவதால் அதிகம் இறுக்க நினைத்தாலும் கை ஒத்துழைக்காது. கால் சுற்று, ஆட்டிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போகும் ஒவ்வொரு சுற்றும் பேரிங்கைத்தான் தின்னும்.

அப்புறம் நேர் பார்ப்பது. சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, ஹேண்டில்பாரை முன் ஹப்பின் அச்சோடு ஒப்பிடுங்கள். டயரோடு ஸ்டெம்மை ஒப்பிடுவதைவிட இது துல்லியம். ஹேண்டில்பார் நீளமானது, சின்னக் கோணலும் தெரிந்துவிடும். நேரானதும் பக்கவாட்டு போல்ட்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். டார்க் ரெஞ்சு (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்சு) இல்லை என்றால் ஒருமுறை மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கி 5 நியூட்டன் மீட்டர் கைக்கு எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சங்கிலிச்சத்தம்:
அப்படியென்றால் ஹேண்டிலைப் பிடித்து வைப்பது மேல் மூடி இல்லையா? இத்தனை நாள் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிதானம்:
இல்லை. பக்கவாட்டு போல்ட்களை இறுக்கியபின் மூடியைக் கழற்றி வைத்தாலும் எதுவும் ஆடாது. ஆனால் திறந்த வாய் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும், அதனால் மூடியைப் போட்டே வையுங்கள்.

பழைய இரும்பு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பழைய மாடல். ஸ்டெம் 7 என்ற எழுத்துப்போல் வளைந்து தண்டுக்குள் இறங்கும், மேலே ஒரே ஒரு போல்ட். அதைத் தளர்த்தியும் ஹேண்டில் ஒரு இம்மி அசையவில்லை. இதற்கும் நீங்கள் சொன்ன முறைதானா?

நிதானம்:
இல்லை ஐயா, உங்களுடையது மரை போட்ட தண்டு. அங்கே உயரம் தனி, பேரிங் தனி. உயரத்தை மாற்றினாலும் பேரிங் இறுக்கம் மாறாது. அந்த வகையில் பழசுதான் வசதி.

போல்ட்டின் அடியில் ஒரு ஆப்பு இருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் ஆப்பு மேலே ஏறித் தண்டின் உள்சுவரில் இறுகிக்கொள்ளும். தளர்த்தினால் போல்ட் மட்டும்தான் மேலே வரும், ஆப்பு பிடித்த பிடியை விடாது. போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, தலை மேலெழுந்து நிற்கும்போது அதன் மேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ‘தொம்’ என்று ஆப்பு இறங்கும் சத்தம் கேட்கும். சக்கரத்தை முழங்காலுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலை இட வலமாகத் திருகினால் வந்துவிடும்.

அலுமினிய ஸ்டெம், இரும்புத் தண்டு, பல வருஷம் கழற்றவே இல்லை என்றால் இரண்டும் அரித்து ஒட்டியிருக்கலாம். ஊடுருவும் எண்ணெயைச் சந்தில் விட்டு ஒரு இரவு வைத்திருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கின் அடித்துளை வழியாகவும் விடலாம். மாட்டும்போது ஸ்டெம்முக்கும் ஆப்புக்கும் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். இன்னொன்று, ஸ்டெம்மில் ஒரு எல்லைக்கோடு செதுக்கியிருக்கும். ஹேண்டிலை உயர்த்தும் ஆசையில் அந்தக் கோடு வெளியே தெரியும்படி வைக்கவே கூடாது.

பழைய இரும்பு:
மரத்துண்டு வைத்துத் தட்டினேன், இறங்கிவிட்டது. துருத்தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. பேரிங்கில் லேசாக ஆட்டம் இருக்கிறது, அதற்கு?

எல்கீ:
மேலே இரண்டு பெரிய வளைய நட்டு இருக்கும். மேலே இருப்பது பூட்டும் நட்டு, கீழே இருப்பது கிண்ணம். பெரும்பாலான பழைய சைக்கிள்களில் 32 மிமீ ஸ்பேனர் பொருந்தும், கிண்ணத்துக்கு மெல்லிய ஸ்பேனர் வேண்டும். மேல் நட்டைத் தளர்த்தி, கிண்ணத்தைக் கையால் ஆட்டம் போகும்வரை திருகி, கிண்ணம் சுற்றாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இறுக்குங்கள். பூட்டும்போது சரிசெய்தது லேசாக மாறும், அதனால் திரும்பவும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குறட்டால் பிடித்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கும், பிறகு எந்த ஸ்பேனரும் நிற்காது.

மழைப்பெடல்:
வளையத்தை மேலே போட்டு, சொன்ன வரிசையில் மாட்டிவிட்டேன். ‘டக்’ சத்தம் சுத்தமாகப் போய்விட்டது, ரொம்ப நன்றி! ஆனால் ஒன்று. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் மட்டும் ஏதோ பள்ளத்தில் விழுந்ததுபோல் நிற்கிறது. மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன், ஆட்டம் திரும்ப வருகிறது, பள்ளம் போகவில்லை.

எல்கீ:
தளர்த்தியும் போகவில்லை என்றால் பேரிங்கின் ஓடுபாதையில் குழி விழுந்திருக்கிறது. நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கும், குழியும் அதே இடத்தில் விழும். ஆட்டத்தோடு ஓட்டியது அதை வேகப்படுத்தியிருக்கும். கிரீஸ் தடவினால் சத்தம் குறையலாம், குழி நிரம்பாது. கைவிட்டு ஓட்டும்போது சைக்கிள் நேராக நிற்காமல் இப்படியும் அப்படியும் இழுப்பது இதனால்தான்.

உடனே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்ற வேண்டியதுதான். பெரும்பாலும் கீழ் பேரிங்தான் முதலில் போகும், சேறும் தண்ணீரும் அங்கேதான் தெறிக்கும்.

மழைப்பெடல்:
எந்த அளவு வாங்க வேண்டும்? தண்டின் வெளிவிட்டம் 28.6 மிமீ.

நிதானம்:
தண்டின் அளவை மட்டும் வைத்து வாங்காதீர்கள். கழற்றிப் பார்த்தால் இரண்டில் ஒன்று இருக்கும். கூண்டில் மாட்டிய தனிக் குண்டுகள் என்றால் ஓடுபாதைகளையும் சேர்த்து ஹெட்செட்டாக மாற்ற வேண்டியிருக்கும். புதுக் குண்டும் அதே பழைய குழியில்தான் போய் உட்காரும். குண்டுகள் உள்ளேயே அடைபட்ட மூடிய கார்ட்ரிட்ஜ் என்றால் வேலை சுலபம், அதை மட்டும் கையால் எடுத்துப் புதுசு போடலாம்.

கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் வெளிவிட்டமும், 36 x 45 அல்லது 45 x 45 என்று இரண்டு கோணங்களும் இருக்கும். துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். வெளிவிட்டத்தில் 41 மிமீ, 41.8 மிமீ இரண்டும் உண்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடக் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் பழையதையே கையில் எடுத்துக்கொண்டு போய், அதோடு வைத்து அளந்து வாங்குங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைத்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம், பல ஃபிரேம்களில் கீழே இருப்பது பெரியது.

மழைப்பெடல்:
சரி, இரண்டையும் கழற்றிப் படித்துவிட்டு எண்களை இங்கேயே போடுகிறேன்.