மெகா டிரைவ் பேட் செருகினால் கமடோர் 64-இல் "லோட்" அடிக்க முடியவில்லை, உதவி தேவை

ஜெலுத்தோங் மகன் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் பழைய வீட்டுக் கணினி கமடோர் 64-ஐ ஸ்டோர் அறையிலிருந்து இறக்கித் துடைத்து, போன வாரம் ஆன் செய்தேன். நீலத் திரை வந்தது, கர்சர் மினுக்கியது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஜாய்ஸ்டிக் மட்டும் இல்லை. அது 80-களிலேயே டெகத்லான் என்ற ஆட்டத்தை ஆடி ஆடி உடைந்துபோனது. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் சேகா மெகா டிரைவ் வீடியோ கேம் மெஷினின் பேட் ஒன்று கிடைத்தது. மூன்று பட்டன் உள்ளது. ஜாய்ஸ்டிக்குக்கு இருந்த அதே ஒன்பது பின் (ஊசி) பிளக். பவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் போர்ட் 2-இல் செருகினேன், சிரமமே இல்லாமல் உள்ளே போனது.

மேலே, கீழே நன்றாக வேலை செய்கிறது. இடது, வலது, ஃபயர் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. ஆனால் பெரிய பிரச்சனை கீபோர்டில். பேட் செருகியிருக்கும்போது, ஆட்டத்தை ஏற்றும் ஆங்கிலக் கட்டளையான "லோட்" (எல், ஓ, ஏ, டி) என்று அடித்தால் திரையில் எல், ஏ இரண்டு எழுத்துதான் விழுகிறது. "ரன்" அடித்தால் ஒன்றுமே விழுவதில்லை. பேட்டைக் கழற்றினால் எல்லா எழுத்தும் வந்துவிடுகிறது.

கீபோர்டு பழுதா, பேட் பழுதா? அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை பலவீனமாகிவிட்டது. பேட் என்றால் மடியில் வைத்து ஆடலாம் என்று ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன்.

பட்டர்வொர்த் அக்கா | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, பழைய கீபோர்டில் இது சகஜம். சாவிக்கு அடியில் இருக்கும் கார்பன் தொடுமுனையில் அழுக்கு ஏறினால் எழுத்து விழாது. கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். என்னுடையது அப்படித்தான் சரியானது.

பாயான் லெப்பாஸ் 1979 | ஞாயிறு, இரவு 11.02

அக்கா சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் பேட்டைக் கழற்றினால் எல்லா எழுத்தும் வருகிறது என்கிறாரே. அழுக்கு என்றால் பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வராது.

தம்பி, முதலில் பேட்டைக் கழற்றி வையுங்கள். திரும்பச் செருக வேண்டாம். அப்புறம் ஞாபகத்திலிருந்து சொல்லுங்கள்: எந்தெந்த எழுத்து வரவில்லை? எண்களில் எது வந்தது, எது வரவில்லை?

ஜெலுத்தோங் மகன் | திங்கள், காலை 7.20

கழற்றிவிட்டேன் ஐயா. அன்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். வந்தவை: 1, 2, 3, 4, டபிள்யூ, ஈ, ஏ, எஸ், பி (ஓவுக்கு அடுத்தது), எல், ரிட்டர்ன், ஸ்பேஸ். வராதவை: 5-இலிருந்து 0 வரை எல்லாம், ஆர், டி, டீ, ஜி, எச், ஜே, கே, ஐ, ஓ, என்.

பாயான் லெப்பாஸ் 1979 | திங்கள், இரவு 8.30

அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பதில் அதிலேயே இருக்கிறது.

கமடோர் 64-க்குள் 6526 என்று சிஐஏ சிப் இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்று கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் சேர்த்தே கவனிக்கிறது. கீபோர்டு எட்டுக்கு எட்டு கட்டம். சிப் தன் ஏ பக்கத்துக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்கு இறக்கி, எந்தச் சாவி அழுந்தியிருக்கிறது என்று பி பக்கத்தில் பார்க்கும். போர்ட் 2-இன் மேல், கீழ், இடது, வலது, ஃபயர் ஐந்தும் அதே ஏ பக்கத்தின் முதல் ஐந்து கோடுகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மூன்றாவது கோட்டில், அதாவது இடதில், 5, 6, ஆர், டி, டீ எல்லாம் இருக்கின்றன. நான்காவதில், வலதில், 7, 8, ஜி, எச். ஐந்தாவதில், ஃபயரில், 9, 0, ஐ, ஜே, கே, ஓ, என். உங்கள் பட்டியலில் வராதவை அத்தனையும் இந்த மூன்று கோட்டுக்குள் அடங்குகின்றன. முதல் இரண்டு கோட்டில் இருக்கும் ரிட்டர்ன், டபிள்யூ, ஏ, எஸ் வந்துவிட்டன. "லோட்" என்பதில் ஓவும் டியும் போய், எல்லும் ஏயும் நின்றதற்கு இதுதான் காரணம்.

மெகா டிரைவ் பேட்டில் மேலும் கீழும் நேரடி சுவிட்ச். இடது, வலது, பட்டன்கள் மட்டும் உள்ளே 74எச்சி157 என்ற ஐசி (சிறு சிப்) வழியாக வருகின்றன. சாதாரண ஜாய்ஸ்டிக் அழுத்தும்போது கோட்டை எர்த்தோடு சேர்க்கும், விட்டால் சும்மா இருக்கும். இந்த ஐசி சும்மா இருக்காது. அழுத்தாத நேரத்திலும் கோட்டை 5 வோல்ட்டுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். சிஐஏ இறக்கப் பார்க்கிறது, ஐசி ஏற்றப் பார்க்கிறது. இந்த இழுபறியில் எழுத்து விழாதது சின்ன விஷயம். நாள்பட விட்டால் சிஐஏ வெந்துபோகும். அதனால்தான் உடனே கழற்றச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பேட்டுக்கு மின்சாரம் பின் 5-இல் வர வேண்டும். கமடோரில் 5 வோல்ட் பின் 7-இல் இருக்கிறது. கமடோரின் பின் 5, குமிழைத் திருகி ஆடும் "பேடில்" என்ற வேறு வகைக் கன்ட்ரோலருக்கானது. உங்கள் பேட் தேர்வுக்கம்பியான பின் 7 வழியாகக் கசியும் மின்சாரத்தில் அரைகுறையாக ஓடியிருக்கிறது. இடது வலது விட்டு விட்டு வந்தது அதனால்தான்.

புடு சாலிடர் | திங்கள், இரவு 9.05

ஐயா விளக்கியது அப்படியே சரி. இதற்கு வழி, பேட்டுக்கும் கமடோருக்கும் நடுவே செருகும் ஒரு அடாப்டர். நான் கேஎல்லில் (கோலாலம்பூரில்) அதை மூன்று பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். கமடோர் பக்கம் பெண் பிளக், பேட் பக்கம் ஆண் பிளக். 1, 2, 3, 4, 6 ஐந்தையும் நேருக்கு நேர், ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்து. டயோடின் கோடு போட்ட முனை பேட் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது பேட் கோட்டைக் கீழே இழுக்கலாம், மேலே தள்ள முடியாது. கமடோரின் 7-ஐப் பேட்டின் 5, 7 இரண்டுக்கும் கொடுங்கள். 8-க்கு 8. கமடோரின் 5, 9 இரண்டையும் தொடாதீர்கள். இப்படிச் செய்தால் பேட்டின் நடு பட்டன், பி, ஃபயராக வேலை செய்யும்.

டயோடுக்கு 1என்4148 போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பாயான் லெப்பாஸ் 1979 | திங்கள், இரவு 9.30

தம்பி புடு, 1என்4148-இல் எனக்குச் சம்மதம் இல்லை. அது 0.6, 0.7 வோல்ட்டைத் தனக்கு வைத்துக்கொள்ளும். சிஐஏ 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் அழுத்தியதாக ஒப்புக்கொள்ளும். இடைவெளி மிகக் குறைவு. ஒரு மெஷினில் ஓடும், இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். பிஏடி85 மாதிரி ஷாட்கி டயோடு போட்டால் 0.3 வோல்ட்டோடு முடிந்துவிடும். பெரியவர் ஆடப்போகிற சாமான், அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும்.

புடு சாலிடர் | திங்கள், இரவு 9.41

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். மூன்று பேரில் ஒருவர் வலது பக்கம் சில சமயம் கேட்பதில்லை என்று சொன்னார், நான் பேட் பழசு என்று நினைத்துவிட்டேன். அவருடையதை வாங்கி மாற்றிக் கொடுக்கிறேன். ஜாலான் பசாரில் பிஏடி85 கிடைக்கும். மகன், உங்களுக்கு வேண்டுமானால் பத்து வாங்கி அஞ்சலில் போடுகிறேன்.

செந்தூல் எம்எஸ்எக்ஸ் | திங்கள், இரவு 10.10

இதே அடாப்டர் எம்எஸ்எக்ஸ் கணினிக்கு ஆகுமா?

பாயான் லெப்பாஸ் 1979 | திங்கள், இரவு 10.25

ஆகாது, செருகவே செருகாதீர்கள். எம்எஸ்எக்ஸில் 5 வோல்ட் பின் 5-இல், எர்த் பின் 9-இல், பின் 7 இரண்டாவது பட்டன். பிளக் ஒரே அச்சு, உள்ளே வேறு ஏற்பாடு. ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2 கணினி இன்னும் மோசம், அதில் ஃபயரே பின் 4-இல் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி அடாப்டர், மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஜெலுத்தோங் மகன், சாலிடர் வைக்கும் முன் ஒரு வேலை. மெஷினை ஆன் செய்து, பேட் இல்லாமல், போர்ட் 2-இன் பின் 7-க்கும் 8-க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது, கவனம். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். 40 வயதான பவர் அடாப்டரில் 5 வோல்ட் மெல்ல ஏறிக்கொண்டே போவது உண்டு, ஏறினால் ரேம் சிப்கள் போய்விடும். அதிகம் காட்டினால் உடனே அணைத்துவிட்டு எழுதுங்கள்.

ஜெலுத்தோங் மகன் | செவ்வாய், இரவு 8.50

5.04 காட்டுகிறது ஐயா. மனசு லேசானது.

புடு அண்ணே, டயோடு அனுப்புங்கள், மிக்க நன்றி.

ஜெலுத்தோங் மகன் | சனி, மாலை 6.30

டயோடு வந்து சேர்ந்தது. இன்று காலை முழுக்க உட்கார்ந்து அடாப்டரை முடித்தேன். செருகப் போகும் முன், புடு அண்ணன் எழுதிய வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரில் பீப் சத்தம் பார்த்தேன். கமடோர் பக்கத்து 8-இல் முனையை வைத்தால் பேட் பக்கத்து 5-இலும் 7-இலும் பீப் அடிக்கிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. செருகவில்லை.

புடு சாலிடர் | சனி, மாலை 6.48

செருகாமல் விட்டீர்களே, நல்ல காலம். பெண் பிளக்கை முன்பக்கமிருந்து பார்த்து எண்ணிவிட்டு, பின்பக்கத்தில் அதே வரிசையில் சாலிடர் வைத்திருக்கிறீர்கள். முன்னும் பின்னும் கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறும். 1-உம் 5-உம் மாறும், 6-உம் 9-உம் மாறும், 7-உம் 8-உம் மாறும். அப்படியே செருகியிருந்தால் பேட்டுக்கு மின்சாரம் தலைகீழாகப் போயிருக்கும். பிளக்கின் பிளாஸ்டிக்கில், ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும், பொடியாக எண் அச்சிட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதை மட்டும் நம்புங்கள்.

ஜெலுத்தோங் மகன் | சனி, இரவு 10.20

எண் இருக்கிறது அண்ணே! கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரிகிறது. ஒரு பக்கம் முழுவதையும் பிரித்துத் திரும்ப வைத்தேன். இப்போது எல்லாம் சரியாகப் பீப் அடிக்கிறது.

அடுத்த சிக்கல், பிளக்கின் உறை பெரிது. கமடோரின் போர்ட் உள்வாங்கி இருப்பதால் உறை இடித்துக்கொண்டு முழுதாக உள்ளே போகவில்லை. உறையை எடுத்துவிட்டு, தகரக் காதுகள் இரண்டையும் ரம்பத்தால் அறுத்து, பின்பக்கத்தில் ஹாட் குளூ ஊற்றி மூடினேன். இப்போது கச்சிதமாக உட்காருகிறது.

பேட் செருகியிருக்கும்போதே "லோட்" அடித்தேன். நான்கு எழுத்தும் விழுந்தன. அப்பா வாய்விட்டுப் படித்தார்.

பாயான் லெப்பாஸ் 1979 | சனி, இரவு 10.40

கேட்கவே சந்தோஷம். ஒரு சின்னச் சோதனையும் செய்துவிடுங்கள். பேசிக் மொழியில் பத்தாம் வரியில் பிரிண்ட், பீக், அடைப்புக்குள் 56320. இருபதாம் வரியில் கோட்டூ 10. ஓடவிட்டால் சும்மா இருக்கும்போது 127 ஓட வேண்டும். மேலே 126, கீழே 125, இடது 123, வலது 119, ஃபயர் 111. இதே எண்கள் வந்தால் சிஐஏவுக்குச் சேதம் இல்லை.

ஜெலுத்தோங் மகன் | ஞாயிறு, காலை 9.15

ஐந்தும் அப்படியே வந்தன ஐயா. எனக்கு விளையாட முடிகிறது. ஆனால் அப்பாவால் முடியவில்லை. இடது கட்டை விரல் திசைக்கட்டையைச் சமாளிக்கிறது, வலது கட்டை விரல் பட்டனைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீ ஆடு, நான் பார்க்கிறேன்" என்றார். அவருக்கு ஏற்ற மாதிரி ஏதாவது செய்ய வழி உண்டா?

பாயான் லெப்பாஸ் 1979 | ஞாயிறு, காலை 9.50

உண்டு, பேட்டை விடவும் சுலபம். ஐசி வேண்டாம், டயோடு வேண்டாம். ஆர்கேட் மெஷினில் வரும் பெரிய பட்டன் மூன்று வாங்குங்கள், 30 மில்லிமீட்டர் அளவு, அடியில் மைக்ரோசுவிட்ச் இருப்பது. ஒன்று பின் 3-க்கும் 8-க்கும் நடுவே, அது இடது. ஒன்று 4-க்கும் 8-க்கும், வலது. ஒன்று 6-க்கும் 8-க்கும், ஃபயர். பின் 7-ஐப் பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம், அப்போது எதைத் தப்பாகத் தொட்டாலும் ஷார்ட் ஆகாது.

அப்பா எந்த ஆட்டம் ஆட ஆசைப்படுகிறார்?

ஜெலுத்தோங் மகன் | ஞாயிறு, காலை 10.05

டேலி தாம்சன் டெகத்லான், பத்துப் போட்டி கொண்ட தடகள ஆட்டம். அந்த 1984 கேசட் இன்னும் ஓடுகிறது.

பாயான் லெப்பாஸ் 1979 | ஞாயிறு, காலை 10.30

அப்படியென்றால் மூன்று பட்டனே தாராளம். அதில் ஓடுவதற்கு ஜாய்ஸ்டிக்கை இடதும் வலதுமாக மாறி மாறி ஆட்டுவார்கள், ஸ்டிக் உடைவதும் அதனால்தான். உடைக்க இனி ஸ்டிக்கே இல்லை. இடது, வலது பட்டனை அருகருகே வைத்துவிட்டால் இடது கையின் இரண்டு விரலால் தட்டியே ஓடலாம், தாளம் போடுகிற மாதிரி. ஃபயர் பட்டனை அதே கையின் கட்டை விரல் விழும் இடத்தில், கொஞ்சம் கீழே வையுங்கள். துளை போடுவதற்கு முன் அப்பாவின் கையை அட்டையில் வைத்துச் சுற்றிக் கோடு வரையுங்கள். ஃபயருக்கு இன்னொரு பட்டன் இணையாகச் சேர்த்து வலது பக்கத்திலும் வைக்கலாம், கை தேறும்போது அதையும் தொடட்டும்.

பட்டர்வொர்த் அக்கா | ஞாயிறு, காலை 11.10

பெட்டிக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள் தம்பி. ஒரு கையால் ஆடும்போது பெட்டியைப் பிடிக்க இன்னொரு கை இருக்காது. என் மாமியாருக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் அப்படித்தான் வைத்தோம்.

ஜெலுத்தோங் மகன் | அடுத்த சனி, இரவு 8.10

பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவில் செய்தேன். மூன்று பட்டனும் இடது பக்கம், நாலாவது ஃபயர் வலது பக்கம். அக்கா சொன்ன ரப்பர் ஒட்டியாயிற்று. 100 மீட்டரில் முதல் இரண்டு தடவை அவரால் தகுதி நேரத்துக்குள் வர முடியவில்லை. மூன்றாவது தடவை வந்தார். அப்புறம் நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் என்று போய்க்கொண்டே இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழவில்லை.

பாயான் லெப்பாஸ் 1979 | அடுத்த சனி, இரவு 8.25

டப்பாவுக்குள் கேபிளை ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறீர்களா? இழுபட்டால் சாலிடர் விட்டுப்போகும்.

ஜெலுத்தோங் மகன் | அடுத்த சனி, இரவு 8.40

இன்னும் இல்லை ஐயா. அப்பா 110 மீட்டர் தடை ஓட்டத்தில் இருக்கிறார். 1500 மீட்டரும் முடியட்டும், அப்புறம் கழற்றிப் போடுகிறேன்.