செனில் துணி தைக்கும்போது நகர்கிறது, உதவுங்கள்

ஏற்காட்டில் இருக்கும் அம்மாவுக்குக் குளிருக்கு இதமாக செனில் (வெல்வெட் மாதிரி மெத்தென்ற, பஞ்சு நூல் துணி) போர்வை தைக்கிறேன். பின்பக்கம் காட்டன். நான்கு நாளாக ஒரே ஓரத்தில் நிற்கிறேன். தைத்து முடிப்பதற்குள் மேலே இருக்கும் செனில் ஒரு இன்ச் தள்ளிப் போய்விடுகிறது. வெட்டிய ஓரம் வேறு உதிர்ந்து, பாபின் கேஸ் முழுக்கப் பஞ்சு.

ஸிக்ஸாக் உள்ள சாதாரண வீட்டு மெஷின்தான். ஊசி 14, பாலியஸ்டர் நூல். தையல் நீளத்தை 2.5-லிருந்து 3.5 மி.மீ. ஆக்கினேன், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்தேன், நெருக்கமாகக் குண்டூசி குத்தினேன். செனிலைக் கீழே வைத்தால் காட்டன் சுருங்குகிறது. அப்புறம் கையால் ஓட்டுத்தையல் போட்டதில் கொஞ்சம் அடங்கியது, ஆனால் மூலையில் இன்னும் கோணல். ஓரத்தில் ஸிக்ஸாக் அடித்ததும் உதிர்வது பாதி நின்றது.

நான் சேலம் அம்மாப்பேட்டை. செனிலில் வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம்) போட்டுத் தைத்தவர்கள் சொல்லுங்கள், அதை வாங்கினால் இந்த நகர்வு நிற்குமா?