22 வாரம், 7 செ.மீ. ஃபைப்ராய்டு: சிசேரியனோடு கட்டியையும் எடுக்கச் சொல்லலாமா?

கேள்வி (முதல்பிரசவம்31):
தோழிகளே, எனக்குக் கருப்பையில் ஃபைப்ராய்டு என்கிற சதைக்கட்டி இருக்கிறது. 12ஆம் வார ஸ்கேனில் 5 செ.மீ. என்றார்கள், இப்போது 7. போன வாரம் அடிவயிற்றில் வலது பக்கம் அப்படி ஒரு வலி, அந்த இடத்தில் சேலை பட்டால்கூடத் தாங்கவில்லை. ராத்திரியே அட்மிட் ஆனேன். கட்டிக்கு ரத்தம் போதாமல் உள்ளேயே சிதைகிறது, ரெட் டிஜெனரேஷன் என்றார்கள். டிரிப்ஸ், பாராசிட்டமால், ஓய்வு, மூன்றாம் நாள் வீடு. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. மாமியாரோ, "எப்படியும் வயிற்றைக் கிழிக்கத்தான் போகிறார்கள், கையோடு அதையும் எடுத்துவிடச் சொல்" என்கிறார். டாக்டரிடம் கேட்டால் "அப்போது பார்க்கலாம்". சிசேரியன் நிச்சயம்தானா?

வேலூர்க்காரி:
எனக்கு 8 செ.மீ., அதுவும் கருப்பை வாய்க்குப் பக்கத்தில். குழந்தை தலை இறங்க வழியில்லாமல் குறுக்கே கிடந்தது, 38 வாரத்தில் சிசேரியன். இரண்டு யூனிட் ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள், ஒன்று ஏற்றினார்கள். கட்டியைத் தொடவே இல்லை. எனக்கும் அப்போது கோபம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் 4.5!

லேபர்வார்டு_அக்கா:
கட்டி இருந்தாலே சிசேரியன் என்பது இல்லை. அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம், ரிப்போர்ட்டில் பாருங்கள். மேல்பக்கம் இருந்து குழந்தையின் தலையும் கீழே திரும்பியிருந்தால் சுகப்பிரசவத்துக்கே முயற்சி செய்யலாம். எடுப்பதில் தயங்கக் காரணம் ரத்தம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது, அந்த நேரத்தில் சதைக்குள் பதிந்த கட்டியைத் தோண்டினால் சில சமயம் கருப்பையையே எடுக்க வேண்டிய நிலை வந்துவிடும். பழகிய கை, ரத்த வங்கி எல்லாம் இருக்கும் இடத்தில் ஆள் பார்த்துச் செய்கிறார்கள்தான். எடுக்காவிட்டாலும் பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சரியாகச் சுருங்காமல் உதிரப்போக்கு அதிகமாகலாம், அதனால் ஹீமோகுளோபினை இப்போதே 11க்கு மேல் கொண்டு வாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி குடித்த கையோடு போடாதீர்கள், பாதிப் பேர் செய்வது அதுதான். வலி திரும்பினால் இபுபுரோஃபென் மாதிரி எதையும் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தக்கசிவோ, வயிறு விட்டுவிட்டு இறுகுவதோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

இரட்டைஜடை:
எனக்கு எடுத்தார்களே! ஆனால் அது வெளியே காம்பில் தொங்கிய கட்டி, காம்பைக் கட்டி வெட்டிவிட்டார்கள்.

முதல்பிரசவம்31:
ரிப்போர்ட்டில் மேல்பகுதி, பின்சுவர், சதைக்குள் என்று போட்டிருக்கிறது. காம்பெல்லாம் இல்லை. 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன். மாமியாரிடம் அந்த அரை லிட்டர் கணக்கைச் சொன்னேன். "ஐயையோ, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்" என்றுவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார்.