செமினரிக்குப் போகும் பையனிடம் பத்திரம் எழுதி வாங்கலாமா?

சேகரப் பொருளாளர்:
திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சேகரம், அதாவது சில சபைகள் சேர்ந்த தொகுதி. ஒரு பையன் போதகராவதற்காக பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்க மதுரை அரசரடியில் உள்ள செமினரிக்கு, அதாவது இறையியல் கல்லூரிக்குப் போகிறான். நாலு வருஷம். அப்பா பனையேறி, இப்போது ஏற முடியவில்லை. மாதம் 3,000 ரூபாய் கொடுக்கக் கமிட்டி சம்மதித்துவிட்டது. நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: படித்து முடித்ததும் 5 வருஷம் நம் பேராயரின் கீழ் உள்ள திருமண்டலத்தில் ஊழியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதிலிருந்து என்னை வட்டிக்கு விடும் ஈட்டிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். இதற்கு முன்னால் நாங்கள் படிக்கவைத்தவர் அமெரிக்காவில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாட்ஸப் வாழ்த்து வரும், அவ்வளவுதான். நான் கேட்டது தப்பா?

பழைய விடுதிக்காரன்:
தப்புதான் அண்ணாச்சி. அவனைப் போதகராக்கும் குருப்பட்டம் கொடுப்பதா, எந்தச் சேகரத்தில் போடுவது என்பதெல்லாம் பேராயர் கையிலும் திருமண்டலத்தின் கையிலும் இருக்கிறது. அவன் படித்துவிட்டு வந்து, அவர்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால்? பணத்தை யாரிடம் கேட்பீர்கள்?

நான் படித்தபோது வீட்டிலிருந்து ஒன்றும் வராது. ஊரில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, மாசக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதை விற்று அனுப்புவார்கள். மணியார்டர் தாளின் அடியில் ‘பிடி அரிசிப் பணம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு வகுப்புக்கு மட்டம் போட எனக்கு மனசு வந்ததே இல்லை.

கறார் கணக்கு:
பிடி அரிசி சரி. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் நம் ஆட்கள், நம் காணிக்கையை நம்பித் தொடங்கினார்கள். தெலுங்குப் பகுதியில் இருக்கும் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்கு ஆள் அனுப்பினார்கள். கொடுக்கிறவன் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் செய்வான். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த ஒரு கோழியை 2,000 ரூபாய்க்கு எடுக்கிறவன் கோழிக்காகவா எடுக்கிறான்? பொருளாளர் பக்கம் நான்.

எழுப்புதல் தம்பி:
பேதுரு எந்த செமினரியில் படித்தார்? பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்துதான் சாப்பிட்டார். இந்தப் பையனும் வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்யட்டுமே.

பழைய விடுதிக்காரன்:
தம்பி, பவுல் யூத வேத அறிஞர் கமாலியேலிடம் படித்தவர். அது செமினரி இல்லாமல் வேறென்ன? கொரிந்துவில் அவருக்குக் குறைவு வந்தபோது மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள்தான் கொடுத்தார்கள். 2 கொரிந்தியர் 11-ஐ எடுத்துப் பார். பத்திரம் எழுதி வாங்கியதாக அதில் இல்லை.

டீச்சர் அக்கா:
எல்லாரும் பையன், பையன் என்றே பேசுகிறீர்கள். நம் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் 1976-லேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாயிற்று. எங்கள் சேகரத்தில் ஒரு பிள்ளை இறையியல் படிக்கக் கேட்டாள். ‘கல்யாணம் ஆகிப் போய்விடும், பணம் வீண்’ என்று கமிட்டி கைவிரித்துவிட்டது. அவளிடம் பத்திரமாவது கேட்டிருக்கலாம், கையெழுத்துப் போட்டிருப்பாள்.

கறார் கணக்கு:
அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சேகரப் பொருளாளர்:
குருப்பட்டம் அவன் கையில் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. சரி, திருப்பித் தர வேண்டும் என்ற வரியை எடுத்துவிடுகிறேன். ஆனால் பணம் நேரே கல்லூரிக்குப் போகும். மே லீவில் வந்து பிள்ளைகளுக்கு வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வேண்டும். இந்த இரண்டையும் விட மாட்டேன்.

பழைய விடுதிக்காரன்:
வி.பி.எஸ். நடத்தட்டும், நல்லதுதான். ஆனால் எல்லாம் கல்லூரிக்கே போனால் சோப்பு வாங்க அவன் யாரிடம் கை நீட்டுவான்? 500 ரூபாயாவது அவன் கையில் கொடுங்கள் அண்ணாச்சி. நான் பக்கத்துக் கட்டில்காரனின் சோப்பில்தான் ஒரு வருஷம் குளித்தேன்.

சேகரப் பொருளாளர்:
500 கமிட்டியில் பேசி வாங்கித் தருகிறேன். அமெரிக்காக்காரருக்கும் பையனைப் பற்றி மெசேஜ் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.